பத்துக் கிலோமீட்டர் வானம்

தாலுகா அலுவலக வளாகத்தின் ஒரு மூலையில், கம்பி வேலிக்குள் மழைமானி நிற்கும். மேலே புனல், உள்ளே ஒரு குடுவை, அவ்வளவுதான். காலை எட்டரை மணிக்கு ஊழியர் வந்து குடுவைத் தண்ணீரை அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொள்வார். புனலின் வாய்ப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 20 மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் மழைக்குக் கணக்கு. சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு, அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி என்று தாலுகா தாலுகாவாகவும், பிளவக்கல், வெம்பக்கோட்டை அணைகளிலிருந்தும் எண்கள் வந்து சேர, மறுநாள் பேப்பரில் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு பத்தியாக அச்சாகும்.

அந்தப் பத்தியை நிதானமாகப் படித்தால் விருதுநகர் மாவட்டத்து மழையின் குணம் பிடிபட்டுவிடும். ஓர் ஊரில் நாற்பது மில்லிமீட்டர் கொட்டியிருக்கும். இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற அடுத்த ஊருக்கு நேரே ஒரு சைபர். சாத்தூர்க்காரர் நனைந்த கதையைச் சொன்னால் சிவகாசிக்காரர் நம்பமாட்டார். சித்திரை வைகாசியிலும் புரட்டாசியிலும் இது சர்வசாதாரணம்.

கண்மாயைப் பார்த்துக் காலம் தள்ளும் விவசாயிக்கு அந்த எண் போதும். எவ்வளவு பெய்தது, எவ்வளவு வந்து சேரும் என்பதுதான் அவர் கேள்வி. இதே மாவட்டத்துப் பட்டாசு அறையில் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருப்பவருக்கு வேண்டியது வேறு கணக்கு. மேகம் இப்போது எங்கே நிற்கிறது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம்? முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தின் கூட்டுத்தொகையில் இதற்குப் பதில் கிடையாது. புயல் என்றதும் நமக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. துறைமுகத்தில் ஏறும் கூண்டு எண்ணும், ‘கரையைக் கடக்கும்’ என்ற சொற்றொடரும். பட்டாசுப் பூமியின் புயல் அப்படிப்பட்டது இல்லை. அதற்குப் பெயர் வைக்க மாட்டார்கள். பத்துக் கிலோமீட்டர் அகலம் இருக்கும், முக்கால் மணி நேரம் உயிரோடு இருக்கும், பிறகு கரைந்துபோகும்.

இந்த ஊர்களுக்கு வறட்சிதான் முதலீடு. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இறக்கிவைத்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி வறண்டுபோகிறது. ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டர் சொச்சம். அதில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவமழைதான் கொடுக்கிறது. மானாவாரிக் கரிசலில் பருத்தியும் சோளமும் பொய்த்த இடத்தில், 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீக்குச்சி காய வேண்டும், அட்டை காய வேண்டும், பிறகு வந்த பட்டாசில் மருந்து காய வேண்டும். வெயிலுக்குக் காசு கேட்பாரில்லை. இன்று நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் செய்யப்படுகிறது. ஆலைகள் ஆயிரத்துக்கும் மேல்.

அதே வெயில்தான் இடிமேகத்தையும் வளர்க்கிறது. கறுப்பு மண் வெப்பத்தை நன்றாக உறிஞ்சும். உச்சி வெயிலில் கரிசல் காடு கொதித்து, அதன் மேலிருக்கும் காற்று லேசாகி எழும்பும். மேற்கே மலைக் கணவாய்கள் வழியாகக் கச்சான் என்னும் மேற்குக் காற்று வரும். மதியத்துக்கு மேல் மன்னார் வளைகுடாவிலிருந்து ஈரக் கடற்காற்று உள்ளே நுழையும். இரண்டும் முட்டிக்கொள்ளும் கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. மூன்று மணிக்கு வெள்ளையாகக் குவியும் மேகம், நான்கு மணிக்குள் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்துவிடும். வெளியில் 38 பாகை வெயில் அடிக்கும்போது, அந்த மேகத்தின் நடுப்பகுதியில் வெப்பநிலை உறைநிலைக்கும் பத்து இருபது பாகை கீழே.

அந்தக் குளிரில்தான் மின்சாரம் பிறக்கிறது. மேகத்துக்குள் சிறு பனிப் படிகங்கள் மேலே ஏறிக்கொண்டிருக்கும். கனமான மென் ஆலங்கட்டிகள் கீழே விழுந்துகொண்டிருக்கும். இரண்டும் உரசி விலகும்போது படிகம் நேர்மின்னூட்டத்தையும் ஆலங்கட்டி எதிர்மின்னூட்டத்தையும் எடுத்துக்கொள்கிறது. காற்று அவற்றைத் தரம் பிரித்து, நேர் மேலே, எதிர் நடுவிலும் கீழேயுமாக அடுக்கிவிடுகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால், மேகத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஒரு மின்தடம் சுமார் ஐம்பது மீட்டர் தாவித் தாவித் தரையை நோக்கி இறங்கும். தரைக்கு அருகே வந்ததும் பனைமரம், கோபுரம், ஆலைக் கூரை என்று உயர்ந்து நிற்கும் எதிலிருந்தாவது ஒரு பொறி அதை எதிர்கொள்ள எழும்பும். இரண்டும் தொட்ட கணத்தில் நாம் பார்க்கும் வெளிச்சம். சராசரியாக 30,000 ஆம்பியர் மின்னோட்டம். அந்தத் தடத்துக் காற்று 30,000 பாகைவரை சூடாகிறது, அதாவது சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு. அவ்வளவு சூட்டில் காற்று வெடித்து விரிகிற ஓசைதான் இடி.

ஓசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி எடுக்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள விநாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் கிடைக்கும். இது பள்ளிக்கூடத்துப் பாடம்தான். ஆனால் இதிலிருந்து உலகமெங்கும் பின்பற்றும் ஒரு விதி பிறந்திருக்கிறது. இடைவெளி 30 விநாடியோ அதற்குக் குறைவோ ஆகிவிட்டால் வேலையை நிறுத்திப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பக் கூடாது. முப்பது விநாடி என்றால் பத்துக் கிலோமீட்டர். மேகத்தின் உச்சியில் இருக்கும் நேர்மின்னூட்டம் சில சமயம் பக்கவாட்டில் பாய்ந்து, பத்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, மழை எட்டாத இடத்தில் விழும். தலைக்கு மேலே நீல வானம், காலடியில் மின்னல். ‘இங்கே இன்னும் தூறல்கூட இல்லையே’ என்று வேலையைத் தொடர்கிறவர்தான் இதில் மாட்டுகிறார். இரண்டாவது முப்பதை மக்கள் இன்னும் எளிதாக மறக்கிறார்கள். மழை விட்டதும் உள்ளே போய்விடும் அவசரம் எல்லோருக்கும் உண்டு. மேகமோ போகிற போக்கிலும் அடித்துவிட்டுத்தான் போகும். இந்தியாவில் 2022-ல் மட்டும் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பெரும்பாலும் வயல்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் நின்றவர்கள்.

வெடிபொருள் விதிகள் இதைப் புரிந்துதான் எழுதப்பட்டிருக்கின்றன. இடிமழை நெருங்கினால் வெடிமருந்துக் கிடங்கைத் திறக்கக் கூடாது, அருகில் ஆள் நிற்கக் கூடாது, உற்பத்தி அறைகளிலிருந்து எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். இடிதாங்கி கட்டாயம். ஆனாலும் மின்னல் தாக்கி ஆலை அறைகள் தரைமட்டமான செய்தி இந்த மாவட்டத்திலிருந்து பலமுறை வந்திருக்கிறது.

இடிதாங்கி மின்னலை விரட்டும் கருவி என்று பலர் நினைக்கிறார்கள். அது விரட்டுவதில்லை, தன்மேல் வாங்கி, செம்புப் பட்டை வழியாக மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. ஆகவே கூரை மேல் நிற்கும் கம்பியைவிடத் தரைக்குள் இருக்கும் குழிதான் முக்கியம். இங்கே கரிசல் மண் ஒரு வேலை செய்கிறது. ஈரமாக இருக்கும்போது களிமண்ணுக்கு மின்தடை குறைவு. எர்த் குழிக்கு அதைவிட நல்ல மண் கிடைக்காது. பங்குனி சித்திரையில் அதே கரிசல் காய்ந்து, சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடித்துப் பிளந்துவிடும். புதைத்த கம்பியிலிருந்து மண் விலகி நிற்கும். மழைக்காலத்தில் அளந்து 10 ஓமுக்குள் இருந்த தடை, இப்போது எங்கேயோ போயிருக்கும். கோடை இடி வருவது சரியாக அந்த மாதங்களில்தான். கார்த்திகையில் அளந்து வாங்கிய சான்றிதழைச் சித்திரையில் காட்டிப் பயனில்லை. குழியில் உப்பும் கரியும் இருக்கிறதா என்று பார்த்து, வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது சின்ன வேலை. அதைச் செய்ய யாருக்காவது பேர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்திருக்க வேண்டும்.

மின்னல் நேரடியாக அறை மேல் விழத்தான் வேண்டும் என்றும் இல்லை. அருகில் எங்கேயோ விழுந்த மின்னல், ஜன்னல் கம்பியிலும் தகரத்திலும் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே ஒரு சின்னப் பொறி பறக்கும். மருந்துக்கு எவ்வளவு பொறி போதும் என்பதை மனித உடம்பை வைத்தே கணக்குப் போடலாம். வறண்ட நாளில் செயற்கை நூல் துணி உடுத்தி நடந்தாலே உடம்பில் 10,000 வோல்ட் வரை நிலைமின்சாரம் ஏறும். அதன் மொத்த ஆற்றல் ஏறக்குறைய ஐந்து மில்லிஜூல்தான். விரல் நுனியில் ‘சுளீர்’ என்பதோடு நமக்கு முடிந்துவிடும். சில ரக மருந்துக் கலவைகள் பற்றிக்கொள்ள அதுவே அதிகம். அறை வாசலில் செம்புத் தகடு பதித்து, உள்ளே போகும் ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வதும், செருப்பில்லாமல் பருத்தித் துணியோடு வேலை செய்யச் சொல்வதும் இதற்குத்தான்.

சிவகாசி வானிலையில் எனக்கு மிகவும் வியப்பாக இருப்பது இந்த இடம்தான். மின்னல் இல்லாத நாளிலும் காற்றின் ஈரப்பதம் இரண்டு பக்கமும் கூரான கத்தியாக இருக்கிறது. 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நிலைமின்சாரம் வடிய வழியில்லாமல் தேங்குகிறது. 60-ஐத் தாண்டினால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து மின்னூட்டத்தை வடித்துவிடும். அந்தப் பயம் தணியும். அப்போது வேதியியல் விழித்துக்கொள்கிறது.

உப்புகள் காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும். ஒவ்வோர் உப்புக்கும் ஒரு வாசல் உண்டு. சோடியம் நைட்ரேட் ஈரப்பதம் 74 விழுக்காட்டைத் தொட்டதும் கசியத் தொடங்கும்; பொட்டாசியம் நைட்ரேட், அதாவது நம் வெடியுப்பு, 92 விழுக்காடுவரை தாக்குப்பிடிக்கும். மலிவான சோடியம் உப்பை விட்டுவிட்டு உலகம் முழுக்க வெடிமருந்துக்கு வெடியுப்பையே தேடி அலைந்ததன் காரணம் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. அலுமினியப் பொடி சேர்ந்த கலவை இன்னும் சிக்கலானது. அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்தில் ஈரம் புகுந்தால், மெல்ல வினை தொடங்கி அம்மோனியாவும் வெப்பமும் வெளிவரும். அம்மோனியா கலவையைக் காரமாக்கும்; காரம் கூடக்கூட அலுமினியத்தைக் காத்துநின்ற மேற்படலம் கரைந்து வினை வேகம் பிடிக்கும். மெல்லிசாகப் பரப்பி வைத்திருந்தால் சூடு காற்றோடு போய்விடும். குவியலாகக் கிடந்தால் நடுவில் சூடு தேங்கி, தன்னையே தின்று வளர்ந்து, ஒரு கட்டத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். கலவையில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது அந்தக் காரத்தை அடக்கிவைக்கத்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கோடை மழை நாளைப் பாருங்கள். காயவைக்கும் மேடையில் மணிமணியாக்கிய மருந்து காய்ந்துகொண்டிருக்கிறது. மேற்கே கறுத்து, புழுதிக் காற்று கிளம்பி, பொட்டு பொட்டாகத் தூறல் விழுகிறது. ஆட்கள் ஓடிவந்து அள்ளுகிறார்கள். அவசரத்தில் உராய்வு, பாதி நனைந்த மருந்து, அதை ஒரே அறையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவது. மின்னல், உராய்வு, ஈரம், குவியல் என்று நான்கு அபாயங்களும் ஐந்து நிமிடத்துக்குள் ஓர் அறையில் வந்து கூடிவிடுகின்றன. அடுத்த நாள் காலை அந்த அறையைத் திறக்கிறவருக்கு ராத்திரி உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்காதே என்று விதி சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல. மூன்று மணிக்கு மேகம் கட்டும் என்று காலையிலேயே தெரிந்தால், அன்று காயவைக்கும் அளவையே குறைத்துக்கொள்ளலாம். முன்னறிவிப்பின் உண்மையான பயன் அந்த ஐந்து நிமிட ஓட்டத்தை இல்லாமல் ஆக்குவதுதான்.

காற்றின் ஈரப்பதத்தைக் காலையில் தெரிந்துகொள்ளப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுவரில் இரட்டை வெப்பமானி ஒன்று மாட்டினால் போதும். ஒன்றின் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். திரி உலர்வதால் அது குறைவாகக் காட்டும். உலர் குமிழ் 34, ஈரக் குமிழ் 24 என்றால் காற்றின் ஈரப்பதம் 44 விழுக்காடு அளவில். உலர் 29, ஈரம் 27 என்றால் 86-ஐ எட்டிவிட்டது; மருந்து கலக்கும் வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. திரி அழுக்காகி நூல் விறைத்துப்போனால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். அட்டவணையைப் பார்த்தால் நூறு விழுக்காடு என்று வரும். சித்திரை வெயிலில் அதை நம்பி நோட்டில் எழுதி வைத்தவர்களும் உண்டு.

மேகம் எங்கே நிற்கிறது என்ற கேள்விக்கு ரேடார்தான் சரியான விடை. அங்கே சிவகாசிக்கு ஒரு புவியியல் சங்கடம். காரைக்கால் ரேடார் இருப்பது ஏறத்தாழ 275 கிலோமீட்டர் தள்ளி. பூமி வளைந்திருப்பதால் அங்கிருந்து கிடைமட்டமாகப் புறப்படும் கதிரே இங்கே வந்து சேரும்போது நான்கு கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும்; வழக்கமான அரைப் பாகைச் சாய்வையும் சேர்த்தால் ஆறேழு கிலோமீட்டர். வளரத் தொடங்கும் மேகம் அதன் கண்ணில் படாது. திருவனந்தபுரம் கிட்டத்தில்தான் இருக்கிறது, நடுவே மலை மறைக்கிறது. ராமநாதபுரத்தில் ரேடார் வைக்க மாநில அரசு முடிவெடுத்திருப்பது இந்த ஓட்டையை அடைக்க உதவும். ராமநாதபுரத்திலிருந்து சிவகாசி 115 கிலோமீட்டருக்குள்தான். தரையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 385 வட்டாரங்களுக்கும் தானியங்கி வானிலை நிலையம் வைத்திருக்கிறது. அவற்றின் காற்று, ஈரப்பத அளவுகளைப் பருத்தி விவசாயி பார்க்கிற அளவுக்குப் பட்டாசு ஆலைகளும் பார்க்கலாம்.

மின்னலுக்கென்றே இருப்பது தாமினி செயலி. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. மின்னல் ஒவ்வொன்றும் ஒரு வானொலி அலையைக் கிளப்பும். பழைய ஏ.எம். ரேடியோவில் மழைக்கு முன் கரகரவென்று கேட்குமே, அதே அலைதான். நாடெங்கும் உள்ள உணரிகளை அது நுண்விநாடிக் கணக்கில் முன்பின்னாக வந்து தொடும். அந்த வித்தியாசத்தை வைத்து மின்னல் விழுந்த இடத்தைக் கணித்துவிடுகிறார்கள். கடந்த ஐந்து, பத்து, பதினைந்து நிமிடங்களில் எங்கெங்கே விழுந்தது என்று வெவ்வேறு நிறத்தில் காட்டும். 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அபாயம் இருந்தால் எச்சரிக்கும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் பட்டாசு அறைகள் இருக்கும் பகுதிக்குள் கைப்பேசி கொண்டுபோகவே கூடாது. எச்சரிக்கை வந்து சேர்கிற இடம் அலுவலக மேசை அல்லது வாசல் காவலரின் சட்டைப்பை. அங்கிருந்து நூறு நூற்றைம்பது மீட்டர் தள்ளி, தனித்தனியாகக் கட்டிய அறைகளுக்கு அது எப்படிப் போகும்? செயற்கைக்கோள் காலத்துச் செய்தியின் கடைசி நூறு மீட்டருக்குச் சைரன்தான் வாகனம். சங்கு ஒருமுறை ஊதினால் நிறுத்து, இருமுறை ஊதினால் திரும்பு என்று ஆலையில் எல்லோருக்கும் ஒரே பாஷை தெரிந்திருந்தால் போதும்.

ஊதுவது யார் என்பது அடுத்த சிக்கல். பெரும்பாலான வேலைக்கு இங்கே எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. இத்தனை உருப்படி அடைத்தால் இத்தனை ரூபாய். சங்கு ஊதி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த ஒரு மணி நேரக் கூலி போச்சு. வராத மின்னலுக்காக இரண்டு முறை நிறுத்திய போர்மேன், மூன்றாம் முறை யோசிப்பார், தொழிலாளியும் முணுமுணுப்பார். ஆகவே இடிக்காக நிறுத்தும் நேரத்துக்கும் கூலி உண்டு என்று எழுதி ஒட்டாத ஆலையில், எந்தச் செயலியும் பாதி வேலைதான் செய்யும் என்பது என் எண்ணம். அறிவியல் பத்துக் கிலோமீட்டரைத் துல்லியமாக அளந்து கொடுத்துவிடும். அந்த எண்ணை நம்பி வேலையை நிறுத்துவதற்கான செலவை யாராவது ஏற்க வேண்டும்.

எச்சரிக்கையைச் செயலாக்கிய உதாரணம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. 2015 மே மாதம் சதுரகிரி மலையில் திடீர் வெள்ளம் வந்து ஓடையைக் கடந்த பக்தர்கள் உயிரிழந்தார்கள். மேலே எங்கோ பெய்த மழை, கீழே நடந்தவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது மழை அறிவிப்பு வந்தாலே வனத்துறை மலையடிவாரத்துத் தாணிப்பாறை வாசலை அடைத்துவிடுகிறது. அமாவாசைக்கு வந்து திரும்பிப் போகிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள்தான். ஆனால் அங்கே ஒரு கேட் இருக்கிறது, அதைப் பூட்ட ஓர் ஆள் இருக்கிறார், பூட்டியதற்காக அவர் சம்பளம் குறைவதில்லை.

ஆலையில் சங்கு ஊதியதும் வெளியேறியவர்கள் எங்கே போவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வேப்பமரத்தடி, புளியமரத்தடி கூடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட திறந்த கொட்டகை மழைக்கு ஒதுங்கத்தான் உதவும். நல்ல எர்த் உள்ள கான்கிரீட் கட்டடம் முதல் தரம். அடுத்தது, பலருக்கு வியப்பாக இருக்கும், ஆட்களைக் கிராமத்திலிருந்து ஏற்றிவந்த வேன். நாலா பக்கமும் இரும்புத் தகடு மூடிய வேனில் மின்னல் விழுந்தால் மின்சாரம் வெளித் தகட்டிலேயே ஓடித் தரைக்குப் போய்விடும். கண்ணாடியை ஏற்றி, உலோகத்தைத் தொடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. விதிப்படி வேன் அறைகளிலிருந்து தள்ளி, கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். இதற்கும் அதுதான் சரியான இடம். காலையில் இறக்கிவிட்டுச் சவாரிக்குப் போய்விடாமல் பிற்பகலில் நின்றால் சரி.

இந்த வட்டாரத்தில் இடிமழை மாதங்கள் இரண்டு தவணை: ஏப்ரல், மே ஒன்று, செப்டம்பர், அக்டோபர் இன்னொன்று. முதல் தவணையில் ஆர்டர் குறைவு, நிறுத்த மனசு வரும். இரண்டாவது தவணையில் லாரி வாசலில் நிற்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்க வானிலைத் துறை வைத்திருக்கும் இயல்பான தேதி அக்டோபர் 20. 2025-ல் தீபாவளியே அந்தத் தேதியில் வந்தது. பருவமழைக்கு முன் உற்பத்தி முடிந்தாக வேண்டியிருந்தது. 2026-ல் தீபாவளி நவம்பர் 8. புரட்டாசி இடியைத் தாண்டி ஐப்பசி அடைமழைக்குள்ளும் கடைசி ஆர்டர்கள் நீளும். எர்த் குழியை அளப்பது, வெப்பமானித் திரியை மாற்றுவது, சங்கு ஊதுகிறவர் பெயரைப் பலகையில் எழுதுவது ஆகிய மூன்றையும் ஆவணி பிறப்பதற்குள் முடித்துவிடலாம்.